கல்யாண மண்டப எபிசோடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் சுரேந்திரன் மூன்று டீ குடித்துவிட்டான், இரண்டு சட்டை மாற்றிவிட்டான். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்த நடைக்குக் கணக்கே இல்லை. தாராவி நைண்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் அவனுக்கு இருந்தது ஒரே ஒரு அறை. எட்டு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். திரும்பி எட்டு எட்டு வைத்தால் கேஸ் அடுப்பு.

"என்னங்க, ஒரு எடத்துல உக்காருங்களேன். பாக்க பாக்க எனக்குத் தல சுத்துது," என்றாள் அவன் மனைவி கீதா. "பத்து நிமிஷம் மைக்ல பேசுறதுக்கா இவ்வளவு டென்ஷன்?"

"பேசுறதுக்கு எவன் பயந்தான்?" என்று எரிந்து விழுந்தான். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

பேசுவதற்கு அவனுக்குப் பயமே கிடையாது. 'தலைகீழ் மேல்நிலைப்பள்ளி' பற்றி என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பேசுவான். இருபது வருஷத்துக்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு வந்த சிரிப்புத் தொடர் அது. இடிந்து விழப்போகிற ஒரு பள்ளிக்கூடம். அதன் தலைமையாசிரியர் தர்மலிங்கம், தலையில் விக். நாற்பதுக்கு மேல் எண்ணத் தெரியாத கணக்கு வாத்தியார். பியூன் வானமாமலைதான் பள்ளிக்கூடத்து நிலத்துக்கே சொந்தக்காரர். அது அவருக்கு மட்டும் தெரியாது. தலைமையாசிரியர் அறைக்கு இரண்டு கதவு. யார் யாரைப் பார்க்கக் கூடாதோ, ஒருவர் இந்தக் கதவு வழியாக வரும்போது மற்றவர் அந்தக் கதவு வழியாகப் போவார். அரைமணி நேரமும் இதே ஓட்டம்தான். பெரிய மனுஷர்கள் யாரையாவது கேட்டால், "அதெல்லாம் ஒரு நாடகமா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும்! தாராவியில் அந்த அரைமணி நேரம் தையல் மிஷின்கள் நின்றன. சந்துக்குச் சந்து ஒரே நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதை இவர்களால் செய்யச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அந்தத் தொடருக்குத்தான் இன்றைக்கு மாட்டுங்காவில் ஒரு தமிழ்ச் சங்க மாடியில் இருபதாம் ஆண்டு விழா. சாயங்காலம் ஐந்து மணி. சுரேந்திரன் வேலை பார்ப்பது ஒரு பேங்கின் பேக் ஆபீஸில் என்றாலும், ஊருக்கு அவனைத் தெரிவது அந்தத் தொடருக்காக அவன் நடத்துகிற இன்ஸ்டாகிராம் பக்கத்தால். அதனால் 'ஒரு ரசிகனின் பார்வையில்' என்று பத்து நிமிஷம் அவனுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதுவரைக்கும் எல்லாம் சந்தோஷம்தான். நேற்று சாயங்காலம் சென்னையிலிருந்து ஒரு போன் வந்தது. அதில்தான் எல்லாம் கெட்டது.

"தம்பி, நான் நம்பிராஜன். தலைகீழ் ஸ்கூலுக்கு வசனம் எழுதினவன். நாளைக்கு நானும் வர்றேன். உங்க சிநேகிதர் அல்தாப் வருவாரில்லையா? அவரைப் பார்க்கணும்னே வர்றேன்."

சுரேந்திரன் "வருவான் சார்," என்று சொல்லி வைத்துவிட்டான். அப்போது ஆரம்பித்த நடைதான் இது.

விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தொடர் வந்துகொண்டிருந்தபோது இரண்டு பேருக்கும் பதினான்கு வயது. அல்தாப் முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடம், சுரேந்திரன் இங்கிலீஷ் மீடியம். அல்தாபின் வாப்பா ஜெயினுலாப்தீன் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். டிவி என்றாலே அவருக்கு ஆகாது. அதனால் சனிக்கிழமை ஆனால் அல்தாப் சுரேந்திரன் வீட்டில்தான் இருப்பான். ஒருநாள் தொடர் முடிந்ததும் அல்தாப் சொன்னான், "எங்க ஸ்கூல்ல ஞாத்துக்கெழம கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுதாங்கல்லா? இன்ஸ்பெக்டர் அன்னைக்குன்னு பாத்து வந்தா எப்படிருக்கும்?" அவ்வளவுதான், இரண்டு பேரும் உருண்டு புரண்டு சிரித்தார்கள். கோடு போட்ட தாளில் நாலு பக்கம் எழுதியது அல்தாப். இடிந்த கட்டடத்தை இன்ஸ்பெக்டர் பார்த்துவிடக் கூடாது என்று தர்மலிங்கம் பள்ளிக்கூடப் போர்டைக் கழற்றிப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மாட்டுகிறார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் மாணவர்கள். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக எழுந்து நின்று பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிறார். சுரேந்திரன் செய்தது கவரில் ஸ்டாம்பு ஒட்டியதுதான். வாப்பா கண்ணில் படக் கூடாது என்பதால், சுரேந்திரனின் அப்பா வேலை பார்த்த டிராவல்ஸ் ஆபீஸ் முகவரியைப் போட்டு, அதற்கான காரணத்தை அல்தாப் கதைக்கடியில் ஒரு வரியாக எழுத, இரண்டு பேர் பெயரையும் போட்டு அனுப்பினார்கள்.

ஏப்ரலில் பதில் வந்துவிட்டது. டைப் அடித்த கடிதம். கதையை எடுத்துக்கொள்கிறோம், மே மாதம் சென்னையில் படப்பிடிப்பு, பெரியவர் ஒருவர் துணையோடு உங்களில் ஒருவர் மட்டும் வந்து பார்க்கலாம் என்று போட்டிருந்தது. அச்சு எழுத்து என்றால் சுரேந்திரன் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவான். ஒருவர் மட்டும் என்ற இடத்தில் அவன் புத்தி கெட்டுப்போனது. அல்தாப் வாப்பா எப்படியும் விட மாட்டார், அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறோம் என்று அல்தாபிடம் சொன்னான். பொய்யும் இல்லை, கொடைக்குத்தான் போனார்கள், போகிற வழியில் சென்னையில் இரண்டு நாள். செட்டில் அவனை மூன்றாவது பெஞ்சில் உட்கார வைத்துப் படமும் எடுத்தார்கள். திரும்பி வந்த அன்று சாயங்காலம் அல்தாப் கேட்டான், "லெட்டர் வந்துச்சால?" சுரேந்திரன் "வரலலே" என்றான். மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். ஒரு தடவை சொன்ன பொய்யை முப்பது தடவை சொன்ன பிறகு எங்கே போய் உண்மையைச் சொல்வது?

ஜூலையில் அந்த எபிசோடு வந்தது. அல்தாப் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்து பார்த்தான். மூன்றாவது பெஞ்சில் சுரேந்திரனின் முழங்கை மட்டும் தெரிந்தது. முகத்தை ஒரு குண்டுப் பையன் மறைத்துக்கொண்டான். அல்தாப் முதலில் குதித்தான், பிறகு பேயறைந்த மாதிரி ஆகிவிட்டான். "நம்ம கதைய சுட்டுட்டானுவளே மக்கா! ஒரு வரி பதில் போடலியே!" என்றான்.

இருபது வருஷமாக அதை ஒரு சிரிப்புக் கதையாகவே அவன் சொல்லிவந்தான். கல்யாண வீட்டில் சொல்வான், கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். சுரேந்திரனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சிரித்தானே, பாவி!

அன்று பதினொரு மணிக்குச் சுரேந்திரனுக்கு வீடு கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு சயான் ரோட்டில் இருந்த அல்தாபின் கடைக்கு நடந்தான். வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகு பட்டறையும் கடையும் அல்தாப் கையில்தான். அவன் கல்லாவுக்குப் பின்னால் புதுச் சட்டையின் குண்டூசிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மகள் சஃப்ரீன், பதினொரு வயது, போனில் பழைய எபிசோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாலே. வசனம் எழுதுனவரும் வாராருன்னு விழா வாட்ஸ்அப் குரூப்ல பாத்தேன். சட்ட எப்படி? நம்ம கதைய சுட்டவர் முன்னால டிப்டாப்பா நிக்கணும்லா?"

"நீ சண்ட கிண்ட போடப் போறியா?"

"சண்டையா? அரே, அவர் வயசென்ன, என் வயசென்ன? ஒரே ஒரு கேள்விதாம்ல. ஏன் சார் ஒரு வரி பதில் போடலன்னு கேக்கணும்." அவன் குண்டூசியை டப்பாவில் போட்டான். "கத அனுப்புனது வாப்பாவுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு, ஞாபகம் இருக்கா? லெட்டர் வந்தா காட்டு, அப்பம் உன்னப் படிக்க வைக்கிறதப் பத்திப் பாப்போம்னாரு. ஜூன்ல என்னயக் கொண்டுபோய் பட்டறையில உக்கார வச்சாரு. அது பரவால்லலே, பட்டறதான் இன்னைக்குச் சோறு போடுது. ஆனா மவுத்தாவுற வரைக்கும் என்னயக் கேலி பண்ணுனாருல்லா, மெட்ராஸ்லேர்ந்து தபால் வந்துட்டாடான்னு. அது ஒண்ணுதான்."

 கடிதம் வந்ததைச் சொல்லிவிடத்தான் வந்ததாகச் சுரேந்திரன் சத்தியம் பண்ணுவான். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"ஹால் மாறிருச்சுல. மாட்டுங்கா இல்ல, செம்பூர். அதே அஞ்சு மணிதான்."

"குரூப்ல மாட்டுங்கான்னுதான போட்டிருக்கு?"

"கடைசி நேரத்துல லைட்டு பிரச்சன. நீ செம்பூர் ஸ்டேஷன் வந்து போன் பண்ணு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"பக்கா?" என்றாள் சஃப்ரீன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"பக்காம்மா."

தெருவில் இறங்கியதும் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. தர்மலிங்கம் போர்டை மாற்றினார், இவன் ஹாலையே மாற்றிவிட்டான். தொடரில் என்றால் ஜனங்கள் சிரிப்பார்கள். அவன் சயான் வரைக்கும் காரணமில்லாமல் நடந்து, ஒரு லஸ்ஸி வாங்கி, பாதியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தான்.

ஐந்து மணிக்கு மாட்டுங்கா மாடி நிறைந்து வழிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வடாலாவிலிருந்தும் தாணேயிலிருந்தும் கூட வந்திருந்தார்கள். யாரோ தர்மலிங்கத்தின் விக் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு எல்லோருடனும் செல்ஃபி எடுத்தான். சுரேந்திரனின் பேன்ட் பையில் அந்தக் கடிதம் இருந்தது. கிழித்துப் போட்டுவிடலாம் என்று காலையில் பீரோவிலிருந்து எடுத்தவன், கிழிக்கவும் இல்லை, திரும்ப வைக்கவும் இல்லை.

நம்பிராஜனுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை, ஒரு தடி. சுரேந்திரனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மூணாவது பெஞ்சு! அடையாளம் தெரியுதே. எங்கே உங்க ஆள்?"

"அவனுக்குக் கடையில வேலை சார். வர முடியல."

கிழவருக்கு முகம் விழுந்துவிட்டது. "என்மேல கோபமா இருக்காரோ? இருக்கலாம். நான் எழுதினதுக்கு அவர் பதிலே போடலியே. ரெண்டு வருஷம் எதிர்பார்த்தேன் தம்பி. யூனிட்ல எல்லார்கிட்டயும் சொல்லிவச்சிருந்தேன், பம்பாய்லேர்ந்து ஒரு பையன் எழுதுவான்னு."

"நீங்க... அவனுக்குத் தனியா எழுதுனீங்களா சார்?"

"அதே கடிதத்தோட பின்பக்கம். என் கையாலயே எழுதினேனே. பார்க்கலியா நீங்க?" அதற்குள் சங்கத்துக்காரர்கள் வந்து அவரை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சுரேந்திரன் மாடிப்படிக்கு ஓடினான். கடிதத்தை எடுத்துத் திருப்பினான். பின்பக்கம் நீல மையில் எட்டு வரி. அது அங்கே இருந்தது அவனுக்குத் தெரியும். பதினான்கு வயதில் முழித்துப் பார்த்து, அல்தாப் பெயரை மட்டும் கண்டுபிடித்து, ஏதோ வாழ்த்து என்று விட்டுவிட்டான். அப்பாவும் முன்பக்கத்தைப் படித்ததோடு சரி. கையெழுத்துத் தமிழ் அவனுக்கு அன்றும் வராது, இன்றும் வராது. இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு இவன் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவான். அல்தாப்தான் அதை நல்ல தமிழாக மாற்றிப் போடுவான். ஊரிலிருந்து வரும் பத்திரிகையோ கடிதமோ எல்லாம் அல்தாப் வாசித்துச் சொல்வதுதான். இந்த ஒன்றை அவனிடம் எப்படிக் கொடுப்பது? வேறு யாரிடம் காட்டினாலும் கேள்வி வரும். போன வருஷம் ஒரு தடவை போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னதற்கு, அது 'பத்து மாடு கல்யாண வாடகை' என்று என்னவோ உளறியது. அதற்குப் பிறகு தொடவே இல்லை.

போன் அதிர்ந்தது. அல்தாப். ஏற்கெனவே ஐந்து மிஸ்டு கால். இந்தத் தடவை எடுத்தான்.

"எங்கல இருக்க? அரைமணி நேரமா ஸ்டேஷன்ல நிக்கோம். புள்ள பசிக்குதுங்கா."

"மாட்டுங்காவுக்கு வா," என்றான் சுரேந்திரன். "ஹால் மாறல. நான் பொய் சொன்னேன்."



"ஏம்ல?"

"வாயேன் மக்கா. வந்ததும் சொல்லுதேன்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு நாற்பது நிமிஷம் ஆகும். ஆட்டோ சயானைத் தாண்டாது; அங்கே இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டும். சுரேந்திரன் மனசுக்குள் அந்த ரோட்டில் சிக்னல் சிக்னலாக ஓடிக்கொண்டிருந்தபோது மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பேசினான். கணக்கு வாத்தியார் நாற்பத்தொன்றைக் கண்டு மயங்கி விழுந்ததைச் சொன்னான், கூட்டம் சிரித்தது. வானமாமலை தன் சொந்த நிலத்துக்கே வாடகை கேட்டுத் தன்னையே திட்டியதைச் சொன்னான், கூட்டம் கைதட்டியது. கண் மட்டும் கதவை விட்டு நகரவில்லை. பத்து நிமிஷம் முடிந்தது. சங்கச் செயலாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இவன் பார்க்காத மாதிரி அடுத்த எபிசோடுக்குப் போனான். அல்தாப் வருவதற்குள் மைக் நம்பிராஜன் கைக்குப் போய்விடக் கூடாது. அவர் எதையாவது சொல்லி அதை அல்தாப் வாசலில் நின்று கேட்டால், அதைவிடக் கேவலம் வேறு இல்லை. இருபது நிமிஷம் ஆனது. செயலாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

"கல்யாண மண்டப எபிசோட சொல்லாம விட்டுட்டீங்களே!" என்று ஜன்னல் திட்டிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

சுரேந்திரனுக்கு வேர்த்தது. "அதுதான் எல்லாத்துலயும் பெஸ்டு. அத யோசிச்சது ஒரு தாராவிப் பையன்தான். நான் இல்ல. பேரு அல்தாப். நான் ஸ்டாம்பு ஒட்டுனேன், அவ்வளவுதான்," என்றான்.

கூட்டம் எழுந்து கைதட்டியது. அவன் அடக்கமாகப் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள், அட ராமா! சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. 'கீழ நிக்கேன்' என்று வந்திருந்தது. அவன் மைக்கை மேஜையில் வைத்துவிட்டு, நன்றி வணக்கம் கூடச் சொல்லாமல் படியில் இறங்கி ஓடினான்.

வாசலில் பூக்கடைக்குப் பக்கத்தில் அல்தாப் நின்றான். புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சஃப்ரீன் ஒரு வடாபாவைத் தின்றுகொண்டிருந்தாள்.

சுரேந்திரன் கடிதத்தை எடுத்து நீட்டினான். "அந்த வருஷம் ஏப்ரல்லயே வந்துருச்சுல. நான் மறச்சுட்டேன். நான் மட்டும் மெட்ராஸ் போய்ட்டு வந்தேன்."

அல்தாப் அவன் முகத்தைப் பார்த்தான், கடிதத்தைப் பார்த்தான். அச்சடித்த பக்கத்தை ஒரு மூச்சில் வாசித்தான். 'ஒருவர் மட்டும்' என்ற இடத்தில் தலையை ஆட்டினான், புரிந்துவிட்டது என்கிற மாதிரி. பிறகு திருப்பினான்.

"பப்பா, ஸோர் ஸே படோ நா," என்றாள் சஃப்ரீன். அவளுக்கும் தமிழ் எழுத்து வராது; சத்தமாகப் படிக்கச் சொன்னாள். அவன் வழக்கம்போல அவளுக்காகச் சத்தமாகவே வாசித்தான். எங்கும் தடுக்கவில்லை.

"அன்புள்ள அல்தாப், கதை உன்னுடையது என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இப்படி ஒன்றை யோசித்தவன் இன்னும் பத்து யோசிப்பான். மாதம் ஒன்று எழுதி எனக்கு அனுப்பு. உன் பெயரோடு வரவைப்பது என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தை மட்டும் விட்டுவிடாதே. உன் வாப்பாவுக்குப் பயப்படுவதாக எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு. அவர்..."

அங்கே நிறுத்திவிட்டான்.

"அவர்?" என்றாள் சஃப்ரீன்.

"அவர் பெருமைப்படுவார்," என்று முடித்தான் அல்தாப்.  கண்ணைத் துடைக்கவில்லை, வழிந்தது வழிந்தபடியே இருந்தது.

மேலே மைக்கில், "சுரேந்திரன் எங்கே? தம்பி சுரேந்திரன்!" என்று கூப்பிட்டார்கள்.

"இதயெல்லாம் வாசிச்சுட்டா மறச்ச?" என்றான் அல்தாப்.

"சத்தியமா இல்லல. முன்பக்கம் மட்டுந்தான். பின்பக்கம் கையெழுத்து எனக்குப் புரியல. இதுல என்ன இருக்குன்னு எனக்கு இப்பந்தாம்ல தெரியும்." சுரேந்திரன் அழ ஆரம்பித்திருந்தான். "யார்ட்டயும் காட்ட முடியலல."

அல்தாப் திட்டுவான், அடிப்பான் என்று சுரேந்திரன் காத்துக்கொண்டு நின்றான். அடித்தாலாவது தேவலை என்றிருந்தது.

"என்ட்ட குடுத்திருந்தா வாசிச்சுச் சொல்லிருப்பேன்லா," என்றான் அல்தாப்.

கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினான். எங்கே போனாலும் முதல் படியில் திரும்பி, "வாலே" என்று கூப்பிடுகிறவன், இன்றைக்குக் கூப்பிடவில்லை.